வேறொரு நோயின் பெயர்

பெர்னிஸுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கிள்ளானுக்குப் பக்கத்துக் காப்பாரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுபவர்களுக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். யாரையும் அதட்டமாட்டாள். "கிளட்ச மெல்லமா விடுங்க ஆன்டி, அது உங்க மருமக இல்ல" என்பாள். பயந்து நடுங்கி வரும் பெண்களையெல்லாம் முதலாளி லோகன் அவளிடம்தான் அனுப்புவார்.

அவள் கணவன் சிவேந்திரனும் அங்கே ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவன்தான். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவன். வாசலிலேயே ரயில் இருந்ததால் முப்பது வயதுவரை லைசென்ஸ் எடுக்கவில்லை. அவன் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனி கிள்ளான் கிளைக்கு மாற்றியபோதுதான் எடுத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம் அவனுடையது. அவளோ கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். கல்யாணத்தன்று சிவாவின் அம்மா புனிதவதி கோயிலுக்கும் வந்தார், சர்ச்சுக்கும் வந்தார். இரண்டு இடத்திலும் சிரித்தார். விருந்தில் மட்டும் கை நனைக்கவில்லை.

கொஞ்சகாலமாகவே பெர்னிஸுக்கு உடம்பு சரியில்லை. காலையில் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்துப் பிறகுதான் சட்டைப் பொத்தானைப் போடுவாள். மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் தோல் தடித்துக் கருஞ்சிவப்பாக இருந்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. விரல் வலி ஹேண்ட்பிரேக் இழுத்து இழுத்து வந்தது. முகம் வெயிலால் கறுத்தது. முடி கிள்ளான் குழாய்த் தண்ணீரால் கொட்டுகிறது. சோர்வு மனக்கவலையால் வந்தது.

கவலைப்பட உண்மையிலேயே ஒன்று இருந்தது. கல்யாணமான நான்கு வருடத்தில் இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கிளினிக்கில் போய்ப் பதிவதற்கு முன்பே கலைந்துவிட்டது. மூன்றாவது முறை தங்கியதும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. சிவாவுக்கு மட்டும் சொன்னாள். இந்தத் தடவை தாமதிக்காமல் கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போய்ப் பதிந்தாள். வழக்கம்போல் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தத்தை எடுத்தார்கள். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது, இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு வாரத்துக்குள் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ரத்தம் எடுத்த மிஸ்ஸிதான் பேசினாள். விவரம் எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு வாங்க, ஹஸ்பண்டயும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

ஏன் கணவன்? அன்று மாலை முழுக்க அந்தக் கேள்வியே அவளைக் குடைந்தது. குழந்தைக்கு ஏதாவது என்றால் தன்னை மட்டும்தானே கூப்பிடுவார்கள்?

டாக்டர் விமலன் இளைஞன். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவனாக இருப்பான். கதவைச் சாத்திவிட்டு, மேசையையே பார்த்துக்கொண்டு பேசினான். "உங்க ரத்தத்துல சிஃபிலிஸுக்கு எடுக்கிற டெஸ்ட் பாசிட்டிவா வந்திருக்கு."

இருவருக்கும் முதலில் புரியவில்லை. பால்வினை நோய் என்று அவன் தமிழில் சொன்னபோது புரிந்தது.

"இது முதல் டெஸ்ட்தான். சில சமயம் நோய் இல்லாமலும் இப்படிக் காட்டும். அதனால இன்னொரு டெஸ்டுக்குப் பெரிய லேப்புக்கு அனுப்பணும். சாரோட ரத்தமும் வேணும். உறுதியாச்சுன்னா ஊசி இருக்கு, குழந்தையயும் காப்பாத்தலாம்."

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் காதில் முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. ஒரு தமிழ்ப் பையன் வாயால் அதைக் கேட்டது பெர்னிஸுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. மலாய்க்கார டாக்டராக இருந்திருந்தால் தேவலையே என்று நினைத்தாளாம். அந்த நேரத்தில் போய் இதையா நினைத்தேன் என்று பிற்பாடு அவளுக்கே வியப்பு.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியபின் சிவா சாவியைப் போடவில்லை.

"இது எப்படி வந்துச்சு?" என்றான்.

"என்னக் கேக்கிற?"

"சும்மா கேக்கிறேன் லா."

"சும்மா இல்ல. நீதான் மாசாமாசம் பினாங்குக்கு ஆபிஸ் வேலையாப் போற. நான் கேட்டேனா?"

அவன் முகம் சிவந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான். "மார்க்?"

மார்க் அவளுக்குக் கல்யாணத்துக்கு முன் நிச்சயமாகி முறிந்துபோன மாப்பிள்ளை. கப்பலில் வேலை. அவனைப் பற்றி எல்லாவற்றையும் அவளே சிவாவிடம் சொல்லியிருந்தாள். மறைக்காமல் சொன்னதற்காக அன்று அவன் அவளை மதித்தான். இன்று அதையே எடுத்து அவள் முன்னால் வைத்தான். பெர்னிஸ் வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

சிவாவின் ரத்த முடிவு முதலில் வந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை. அவளுடைய இரண்டாவது பரிசோதனை வெளி லேப்பில் இருந்தது. வர நாளாகும் என்றார்கள்.

இந்த இடைவெளிதான் அவளை வதைத்தது. கணவன் சுத்தம் என்றால் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதானே. சிவா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவளும் சண்டை பிடித்திருப்பாள். ஒரு காலை, காலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே அவன் சொன்னான். "எதுவா இருந்தாலும் சொல்லிடு பெர்னி. நான் உன்ன ஒன்னும் சொல்லமாட்டேன்."

பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அதைப் போல அவளைச் சுட்ட வார்த்தை வேறில்லை.

தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கிருமி வருடக்கணக்கில் உடம்பில் ஒளிந்திருக்கும் என்று போனில் படித்தாள். மார்க்கோடு பழகிய நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவனை ஃபேஸ்புக்கில் தேடிக் கண்டுபிடித்தாள். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், ஜொகூரில் வீடு. 'உனக்கு எப்பவாவது' என்று எழுதத் தொடங்கி அழித்தாள். மறுபடி எழுதி மறுபடி அழித்தாள். வயிற்றில் இருப்பதை நினைத்தாள். முன்பு போனவை இரண்டும் இதனால்தான் போனதோ? அப்படியானால் கொன்றது நான்தானோ?

வேலையிலும் மனம் நிற்கவில்லை. பார்க்கிங் பழகிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி பின்னால் போய் இரும்புக் கோலை இடித்துச் சாய்க்கும்வரை பெர்னிஸ் பிரேக்கை மிதிக்கவில்லை. அந்தப் பெண் அழுதுவிட்டாள். "தப்பு என்னோடதுமா" என்று அவளைச் சமாதானம் செய்யும்போது பெர்னிஸின் குரலும் உடைந்தது. லோகன் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்.

ஞாயிறன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குச் சாப்பிடப் போவது வழக்கம். போகாமலிருந்தால் கேள்வி வரும் என்று போனார்கள். சாப்பிட்டு முடித்துச் சிவா டீக்குப் பால் வாங்கக் கடைக்கு இறங்கினான். புனிதவதி அடுப்பங்கரைக்கு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, முகமெல்லாம் வாடிக் கிடக்கு. அவன் ஏதும் சொன்னவனா?"

பெர்னிஸ் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எதையாவது சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது. "உண்டாகியிருக்கேன் மாமி."

மாமியார் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு சாமியறைக்குப் போய் விபூதித் தட்டோடு வந்தார். வந்தவர் தயங்கினார். நான்கு வருடத்தில் அவர் இந்த மருமகளின் நெற்றியைத் தொட்டதில்லை.

"பூசலாமா? உங்கட ஆக்கள் ஏதும் சொல்லுவினமோ?"

பெர்னிஸ் குனிந்தாள். குளிர்ந்த விரல் நெற்றியில் இழுபட்டது. இவ்வளவு நாள் ஏங்கியது கிடைத்த நேரத்தில் அவளுக்கு, விஷயம் தெரிந்தால் இதே விரல் என்னைத் தொடுமா என்றுதான் ஓடியது. கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

இரண்டாவது முடிவு அதற்கடுத்த வாரம் வந்தது. இருவரும் போனார்கள். காத்திருப்பு நாற்காலியில் நடுவில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். விமலன் இந்தத் தடவை முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"உங்களுக்குச் சிஃபிலிஸ் இல்ல."

பெர்னிஸ் அவனையே பார்த்தாள்.

"ரெண்டாவது டெஸ்ட் அந்தக் கிருமிக்குன்னே உள்ளது. அது நெகட்டிவ். கிருமி உங்க உடம்புக்குள்ள வந்ததே இல்ல."

"அப்ப முதல் டெஸ்ட்?" என்று சிவா கேட்டான்.

"அது கிருமியத் தேடுற டெஸ்ட் இல்ல சார். ஒருவகைக் கொழுப்புக்கு எதிரா ரத்தத்துல எதிர்ப்பொருள் இருக்கான்னு பாக்குது. சிஃபிலிஸ் வந்தா அது இருக்கும். ஆனா வேற காரணத்தாலயும் இருக்கலாம். சில சமயம் கர்ப்பத்துனாலயே வரும்." அவளுடைய அட்டையைப் புரட்டினான். "முன்னாடி ரெண்டு தடவ கலைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. உங்களுக்கு மூட்டு வலி இருக்கா?"

"விரல்ல. காலையில."

"முடி கொட்டுதா? வாயில புண்ணு?"

"ரெண்டும் இருக்கு."

விமலன் எழுந்து வந்து ஜன்னல் திரையை விலக்கி அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தான். கன்னத்தில் விரல் வைத்து, "இது வெயில்ல போனா அதிகமாகுமா?" என்று கேட்டான்.

தனித்தனியாகக் காரணம் சொல்லி அவள் ஒதுக்கிவைத்தவை எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்வதை அவள் அப்போது உணர்ந்தாள். வரத் தொடங்கிய நிம்மதி பாதியிலேயே நின்றுவிட்டது.

விமலன் எழுதியனுப்பிய பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் டாக்டர் ஜெயமாலா. மூட்டு நோய்களுக்கான நிபுணர், ஐம்பதைத் தாண்டியவர். அவசரமில்லாமல் பேசுவார். லூபஸ் என்ற சொல்லை அவர்தான் முதலில் சொன்னார். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி தன் உடம்பையே எதிரி என்று எண்ணித் தாக்குவது அது. யாரிடமிருந்தும் தொற்றுவதில்லை. யாருக்கும் தொற்றிக்கொள்ளாது. கடைசி இரண்டு வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் சிவாவைப் பார்த்தார்.

"ஒரே டெஸ்டுல இத முடிவு பண்ண முடியாது" என்றார். "முதல்ல ஏஎன்ஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்போம். அது நெகட்டிவ்னா அநேகமா லூபஸ் இல்ல. பாசிட்டிவ்னா லூபஸ்னு அர்த்தமும் இல்ல, நல்லா இருக்கிறவங்களுக்கும் வரும். அதோட இன்னும் சில எதிர்ப்பொருள் பாக்கணும், சிறுநீர்ல புரதம் போகுதான்னு பாக்கணும். எல்லாத்தயும் உங்க உடம்புல நான் பாக்கிறதோட சேத்துத்தான் சொல்வேன். அதுக்குள்ள போன்ல தேடாதீங்க."

ரத்தம் எடுத்த பெண் குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனாள். ஒரே ஊசிக்கு இத்தனையா என்று சிவா மறுபக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் அறையை விட்டுப் போகவில்லை.

மறுபடியும் காத்திருப்பு. முன்பு பயந்தது மானத்துக்கு. இப்போது உயிருக்கு. போனில் தேட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் பெர்னிஸ் தேடவில்லை. சிவா ஆபிஸில் உட்கார்ந்து தேடினான். சிறுநீரகம் பழுதாகும், மூளையைப் பாதிக்கும், கர்ப்பத்தில் தாய்க்கே ஆபத்து என்று படித்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பான். அவன் படித்திருக்கிறான் என்று அவன் முகமே சொன்னது. இருவரும் அதைப் பேசவில்லை. ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் ரத்தம் தெரிகிறதா என்று அவள் பார்த்தாள். அவள் வெளியே வரும்வரை அவன் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவு சொன்ன அன்று ஜெயமாலா நேராகவே சொன்னார். லூபஸ்தான். ஏஎன்ஏ பலமாகப் பாசிட்டிவ். லூபஸுக்கென்றே பார்க்கும் எதிர்ப்பொருளும் இருந்தது. அதோடு, ரத்தத்தை உறையவைக்கிற இன்னொரு எதிர்ப்பொருளும் இருந்தது. சிஃபிலிஸ் பரிசோதனையை ஏமாற்றியது அதுதான். குழந்தைக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்களை அது அடைத்துவிடும். முன்பு தங்கிய இரண்டும் அநேகமாக அதனால்தான் கலைந்திருக்கும்.

"கிட்னி?" என்றான் சிவா.

"இப்பவரைக்கும் நல்லா இருக்கு. சீக்கிரமே பாத்துட்டோம்."

பெர்னிஸ் கேட்டது வேறு. "அப்ப நான் ஒன்னும் செய்யலயா டாக்டர்?"

ஜெயமாலாவுக்கு அவள் கேட்டது உடனே விளங்கியது. "நீங்க ஒன்னும் செய்யலமா" என்றார்.

மருந்து தொடங்கினார்கள். தினமும் ஒரு மாத்திரை, அதற்காக வருடாவருடம் கண் பரிசோதனை. ரத்தம் உறையாமலிருக்க சின்ன ஆஸ்பிரின். அதோடு பிரசவம்வரை நாள்தோறும் வயிற்றில் ஓர் ஊசி. ஊசியை வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுத்தார்கள். பெர்னிஸின் விரல்கள் அழுத்த மறுத்ததால் சிவா போட்டான். முதல் நாள் அவன் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அன்னிக்குக் கார்ல அந்தப் பேர நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"ஊசிய முதல்ல போடு."

போட்டான். பஞ்சை வைத்து அழுத்தினான்.

"நானும் பினாங்குன்னு சொன்னேன்" என்றாள் அவள் சற்றுப் பொறுத்து. "ஆனா நீ சொன்னதுதான் எனக்கு இன்னும் போகல. போகும்னு நெனக்கிறேன். இப்பவே போயிடுச்சான்னு கேக்காத."

அவன் கேட்கவில்லை. ஊசியை மட்டும் ஒருநாளும் தவறாமல் போட்டான். ஊசிக் காயம் கன்றிய இடத்தை விட்டு வேறு இடம் தேடிப் பார்த்துப் போடப் பழகினான்.

புனிதவதியிடம் லூபஸைப் பற்றி மட்டும் சொன்னார்கள். அதற்கு முந்திய கதையை இன்றுவரை சொல்லவில்லை. அவர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து தங்கினார். மருமகள் உப்புக் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து வீடு முழுவதற்கும் உப்பைக் குறைத்தார். சிவா முகம் சுளித்தால், "பேசாமல் தின்" என்பார்.

எட்டாம் மாதம் பெர்னிஸின் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. கால் வீங்கியது. இது கர்ப்பத்தால் வருவதா, லூபஸ் கிளம்புகிறதா என்று பிரிக்க மறுபடி ரத்தம், மறுபடி சிறுநீர். ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தார்கள். ஒரு காலை டாக்டர்கள் கூடிப் பேசிவிட்டு, இனிக் காத்திருக்க வேண்டாம் என்று அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். மிகச் சிறியது. அழச் சற்றுத் தாமதித்தது. அந்தத் தாமதத்தில் பெர்னிஸ் திரைக்கு இந்தப் பக்கம் கிடந்து, "சத்தம் வரலயே, சத்தம் வரலயே" என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிக்கொண்டேயிருந்தாள். பிறகு சத்தம் வந்தது. பூனைக்குட்டிச் சத்தம்தான், ஆனாலும் வந்தது. குழந்தையைச் சிலநாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்கள். ஏஞ்சலின் கிருத்திகா என்று பெயர் வைத்தார்கள். முதல் பாதியைப் பெர்னிஸ் வைத்தாள். பின்பாதி புனிதவதியுடையது.

பிரசவத்துக்குப் பிறகு நோய் ஒருமுறை கிளம்பியது. சிறுநீரில் புரதம் போக, மருந்தைக் கூட்டினார்கள். முகம் ஊதிப்போய்க் கண்ணாடி பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. மெல்லமெல்லத் தணிந்தது. தணிந்தாலும் போய்விட்டதாக அர்த்தமில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. சிவாவுக்கும் அப்படித்தான். இப்போது அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

வேலைக்குத் திரும்பிவிட்டாள். உச்சி வெயிலில் மட்டும் வகுப்பு எடுப்பதில்லை. காலையிலும் சாயங்காலமும்தான். கார்க் கண்ணாடிக்கு லோகனே கறுப்புத் திரை போட்டுக்கொடுத்தார்.

போன தீபாவளிக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் போனார்கள். பிள்ளையைச் சிவா தூக்கியிருந்தான். பெர்னிஸ் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போட்டு, கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். கடை வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வியாபாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னக்கா, இந்த வெயில்ல இப்படிப் போத்திக்கிட்டு வர்றீங்க?"

"எனக்கு லூபஸ்ணே" என்றாள் பெர்னிஸ். தெரியாத ஒருவரிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அது ஒட்டுமா?"

"ஒட்டாது. என் ரத்தமே எங்கூடச் சண்டை போடுது, அவ்வளவுதான். வெயில் பட்டா சண்டை கூடும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, "அப்ப இங்கிட்டு உக்காருங்கக்கா. துணிய நான் எடுத்தாறேன். பாப்பாவுக்கு என்ன கலர்?" என்று கேட்டார்.

மஞ்சள் என்றான் சிவா. பச்சை என்றாள் அவள்.